தூரம் சரி, நாள் எத்தனை? பங்கஜ் கேமாவத்தின் கட்டுரையை முன்வைத்து ஓர் ஆம்பூர்க் கணக்கு

செப்டம்பர் 2025 முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் காட்பாடி வந்திருந்தான். மனைவியின் தம்பி. ஆம்பூர் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறான். ஷூ கம்பெனி வெட்டிக் கொடுக்கும் தோல் துண்டுகளை வாங்கி, அப்பராகத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. (அப்பர் என்றால் ஷூவில் அடிப்பாகம் தவிர்த்த மேல்பாகம். இந்தப் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மிஷினில் 38 பேர், எல்லோரும் பெண்கள்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து வேலை பாதியாகிவிட்டது. அவன் தைக்கும் அப்பர் பெரும்பாலும் அமெரிக்க ஆர்டருக்குப் போவது. அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு ஏற்கனவே இருந்த வரிக்கு மேல் ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதமும், ஆகஸ்ட் 27-இல் மேலும் 25 சதவீதமும் போட்டது எல்லோரும் பேப்பரில் படித்ததுதான். மச்சான் பேப்பரில் படிக்கவில்லை. கம்பெனி வேன் வராததை வைத்துத் தெரிந்துகொண்டான்.

வரும்போது கையில் ஒரு ஃபைல். வேலூரில் ஒரு ஹோட்டலில் நடந்த ஏற்றுமதிக் கருத்தரங்குக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறான். "வேகமாக வளரும் அயல்நாட்டுச் சந்தையில் நுழைவது எப்படி" என்று தலைப்பு. நாற்பது ஸ்லைடு. "மாமா, ஆப்பிரிக்கா நல்லா இருக்குமாம். வளர்ச்சி அங்கதானாம். நேரா நாமளே எக்ஸ்போர்ட் பண்ணிடலாம்கறாங்க. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். சந்தையை ஆய்வு செய்யுங்கள், உள்ளூரில் நம்பகமான கூட்டாளியைத் தேடுங்கள், பண்பாட்டை மதியுங்கள், சிறிதாகத் தொடங்குங்கள், பொறுமை தேவை. ஒரு அறிவுரை உருப்படியானதா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். "ஆய்வு செய்யாதீர்கள், நம்பத்தகாத கூட்டாளியைத் தேடுங்கள்" என்று உலகத்தில் எவனாவது சொல்வானா? சொல்லமாட்டான் என்றால், நேராகச் சொன்னதிலும் விஷயம் இல்லை. நாற்பது ஸ்லைடில் முப்பத்தைந்து இப்படித்தான் போனது. மீதி ஐந்து வளர்ச்சி விகிதப் படங்கள்.

ஸ்லைடுகளைத் திட்டி ஒரு பதிவு போடுவது சுலபம். ஆனால் அது பலவீனமான ஆளைத் தேடிப்பிடித்து அடிப்பது மாதிரி. இந்த வகை எழுத்தில் ஆகச் சிறந்தது எதுவோ அதை எடுத்து நம்ம ஊரில் வைத்துச் சோதிப்பதுதான் நியாயம். எனக்குத் தெரிந்து அது பங்கஜ் கேமாவத் 2001 செப்டம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய "டிஸ்டன்ஸ் ஸ்டில் மேட்டர்ஸ்". தூரம் இன்னும் முக்கியம்தான் என்கிற கட்டுரை. பல வருடம் முன்பு, ஐ.டி. வேலையில் வெளிநாட்டு க்ளையன்ட் விஷயமாக யாரோ அனுப்பிப் படித்தது. இப்போது மறுபடி நிதானமாகப் படித்தேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் பிரான்சஸ் கெய்ர்ன்கிராஸ் என்ற பத்திரிகையாளர் "தி டெத் ஆஃப் டிஸ்டன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். தகவல் தொடர்பு மலிந்துவிட்டது, தூரம் செத்துவிட்டது என்பது அந்தக் காலத்துப் பொதுப்பேச்சு. கேமாவத் அதற்கு எதிராக நின்றார். கம்பெனிகள் ஒரு நாட்டின் மக்கள்தொகை, தலா வருமானம், வளர்ச்சி விகிதம் மூன்றையும் பார்த்து வாயில் எச்சில் ஊறி உள்ளே போகின்றன, தூரத்தைக் கழிப்பதில்லை என்றார். அவர் எடுத்த முதல் உதாரணம் நமக்கு ரொம்பப் பரிச்சயம்: ஸ்டார் டி.வி. ஆசியா முழுக்க சாட்டிலைட் வழியாக இங்கிலீஷ் நிகழ்ச்சி காட்டினால் வசதியானவர்கள் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டு, முர்டோக் அதை வாங்கிக் கோடி கோடியாக நஷ்டப்பட்ட கதை. அதே 1993 ஏப்ரலில் சென்னையில் தமிழில் பேசிக்கொண்டு சன் டி.வி. ஆரம்பித்தது என்பதைச் சேர்த்துக்கொண்டால் கேமாவத் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும். (இதை அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தது.)

தூரத்தை அவர் நான்காகப் பிரிக்கிறார். பண்பாட்டுத் தூரம், நிர்வாக-அரசியல் தூரம், நிலத் தூரம், பொருளாதாரத் தூரம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கேஜ்', அதாவது கூண்டு. அதோடு ஓர் அட்டவணையும் தருகிறார். இரண்டு நாடுகளுக்கிடையே பொது மொழி இருந்தால் வணிகம் 200 சதவீதம் கூடும். ஒன்று மற்றொன்றை ஆண்டிருந்தால் 900 சதவீதம். நிலத் தூரம் 1 சதவீதம் கூடினால் வணிகம் 1.1 சதவீதம் குறையும். தொழிலுக்குத் தொழில் இது வேறுபடும் என்பதையும் ஒழுங்காகச் சொல்கிறார். வளர்ச்சி விகிதத்தின் மயக்கத்தைத் தெளிவிக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. மச்சான் கொண்டுவந்த ஐந்து படங்களையும் இந்தக் கட்டுரையின் ஒரு பக்கம் அடித்துவிடும்.

பிறகு என்ன குறை? எனக்கும் முதலில் குறை தெரியவில்லை. என்ஜினீயர் புத்தி, உடனே எக்ஸெல் திறந்தேன். நாடுகள் வரிசையாக, தூரங்கள் பத்தியாக, மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். இரவு பதினொன்றரைக்கு எனக்கு நானே ஒரு பெரிய ஆலோசகராகத் தெரிந்தேன். மறுநாள் காலையில்தான் ஒரு சந்தேகம். ஷேர் மார்க்கெட்காரர்கள் ஒரு சூத்திரத்தை நம்புவதற்கு முன் பழைய தேதியில் ஓட்டிப் பார்ப்பார்கள், பேக் டெஸ்ட் என்பார்கள். இந்தச் சூத்திரத்தைப் பாலாற்றுக் கரையின் பழைய தேதிகளில் ஓட்டினால் என்ன வரும்?

1988-க்குப் போவோம். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு சோவியத் யூனியனுக்கு மதிப்பெண் போடுங்கள். அரசாங்கங்களுக்கிடையே கெட்டியான நட்பு, ரூபாயிலேயே கணக்கு, டாலர் கவலை இல்லை, மொத்த ஆர்டர். நிர்வாகத் தூரம் கிட்டத்தட்ட சைபர். ஷூவும் அப்பரும் இந்தியாவிலிருந்து அங்கே ஏராளமாகப் போன காலம். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லை. இதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. எந்த அட்டவணையும் இதைப் பிடித்திருக்காது, கேமாவத்தைக் குறை சொல்வது நியாயமும் ஆகாது.

அதே 1988-இல் மேற்கு ஜெர்மனி. இதுதான் விஷயம்.

பொது மொழி இல்லை, ஆண்டவர்களும் இல்லை, தூரமும் அதிகம். அட்டவணைப்படி ஜெர்மனி நமக்குச் சுமாரான சந்தை. நடைமுறையில் தோலுக்கு அது முதல் வரிசை வாடிக்கையாளர். பிர்மாசன்ஸ் என்று அங்கே ஒரு ஊர், நம்ம ஆம்பூர் மாதிரி ஷூவாலேயே பிழைத்த ஊர். ஆம்பூருக்கும் பிர்மாசன்ஸுக்கும் உள்ள தூரம், இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள தூரம் அல்ல. ஒரே தொழிலைப் பேசும் இரண்டு ஊர் பக்கத்து ஊர்தான். இது என் முதல் குறை: நாடு நாடாக அளந்த சராசரி, ஒரு தெருவில் கடை வைத்திருப்பவனுக்குப் பயன்படாது. ஆனால் இது சின்னக் குறை, கேமாவத்திடம் சொன்னால் ஒப்புக்கொண்டுவிடுவார்.

பெரிய குறை 1989 டிசம்பரில் வருகிறது. மேற்கு ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. சுருக்கமாக பி.சி.பி. பொருளில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்று சட்டம். ஒரு டன் தோலில் 5 கிராம். ஒரு டீஸ்பூன் அளவு.

இந்த பி.சி.பி. எதற்கு? பூஞ்சைக்கு. ஈரத்தோல் என்பது சாப்பாடு மாதிரி, வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அதற்கு மலிவான, நன்றாக வேலை செய்யும் மருந்து இது. மரத்துக்கும் அடிப்பார்கள். நச்சு என்பது உண்மை, ஜெர்மனி தடை செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. நான் பார்ப்பது வேறு. டேனரிக்காரர் "நான் இனிமேல் போடமாட்டேன்" என்று முடிவு செய்தால் மட்டும் ஷூவில் பி.சி.பி. இல்லாமல் போய்விடாது. பச்சைத்தோல் மண்டியில் உப்போடு யாராவது கலந்திருந்தால்? கமிஷனுக்கு வாங்கி விற்பவர் கிடங்கில் தெளித்திருந்தால்? வாங்கிய வேறொரு ரசாயன டப்பாவில் அது கலந்திருந்தால்? ஒரு ஷூவுக்குப் பின்னால் மண்டி, டேனரி, ஃபினிஷிங், ஷூ கம்பெனி, ஜாப் ஒர்க், வீட்டில் உட்கார்ந்து ஊசியால் கைத்தையல் போடும் பெண்கள் என்று ஒரு நீளச் சங்கிலி. பான் நகரத்தில் போட்ட ஒரு கையெழுத்து, அந்தச் சங்கிலியில் பின்னோக்கி நடந்து உப்புக் குவியல் வரை வரவேண்டும். அதுவும் ஏற்கனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்கள் கையில் இருக்கும்போது.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த வலி. நமக்குச் சொந்தமில்லாத ஏ.பி.ஐ. மேல் ஒரு சிஸ்டம் கட்டியிருக்கிறோம். ஒருநாள் அவர்கள் அதை மாற்றுகிறார்கள். மாற்றம் நல்லதா கெட்டதா என்பதல்ல நம் முதல் கேள்வி. எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள், நமக்கு மாற எத்தனை நாள் வேண்டும், இந்த இரண்டு எண்கள்தான். முதல் எண் பெரிதாக இருந்தால் வேலை. இரண்டாவது பெரிதாக இருந்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

கேமாவத்தின் நான்கு தூரங்களில் இந்த இரண்டு எண்களும் இல்லை. நிர்வாகத் தூரம் என்ற தலைப்பில் வரி, ஒதுக்கீடு, விரோதம் எல்லாம் வைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவை இன்று இருக்கும் நிலையாக இருக்கின்றன. இன்று வரி எவ்வளவு, இன்று உறவு எப்படி. நுழையும் நாளில் ஒரு போட்டோ எடுத்து மாட்டுவது போல. ஏற்றுமதிக்காரனுக்குத் தேவை போட்டோ அல்ல. யார் கையில் பேனா இருக்கிறது, அவர் எழுதினால் எவ்வளவு சீக்கிரம் நம் வாசலுக்கு வரும் என்கிற தகவல்.

சரி, பி.சி.பி. விவகாரத்தில் இந்தப் பக்கம் முழுகிப்போனதா? இல்லை. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மீனு திவாரி, பூனம் பிள்ளை என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. உலகத் தர விதிகளும் இந்தியத் தோல் தொழிலும் பற்றியது. நம் நாட்டில் சட்டம் போட்டால் யார் மதிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் நாம், இந்த விஷயத்தில் மட்டும் சிறிய டேனரி வரை எப்படி மாறினோம் என்பதுதான் அவர்கள் கேள்வி. பதில் சுவாரசியமானது. தனித்தனி முதலாளியின் சாமர்த்தியத்தால் அல்ல. அரசாங்கம் அந்த ரசாயனத்தையே தடை செய்து சங்கிலியின் தலையில் கை வைத்தது. அடையாற்றில் 1948-இலிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்தைச் சோதித்துச் சொன்னது, பரிசோதனையும் செய்து கொடுத்தது. ஏற்றுமதிக் கவுன்சிலும் சங்கங்களும் நடுவில் நின்று பேசின. அதாவது மாற வேண்டிய நாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தது ஒரு கூட்டம். பிறகு ஜெர்மனி அஜோ சாயங்களில் கை வைத்தபோதும் ஏறத்தாழ இதே வழிதான். இந்தியா 1997-இல் 70 சாயங்களைத் தடை செய்தது.

கருத்தரங்கு ஸ்லைடு எல்லாம் "தொழில்முனைவோரே" என்று ஒருமையில்தான் கூப்பிடுகிறது. கேமாவத்தும் கம்பெனி என்கிற ஒருமையில்தான் பேசுகிறார். அவர் வாசகர் பெரிய கம்பெனியின் போர்டு ரூமில் உட்கார்ந்து நாடுகளைத் தேர்ந்தெடுப்பவர். கட்டுரையில் வரும் இன்னொரு உதாரணம் பீட்சா ஹட், கே.எஃப்.சி. நடத்தும் கம்பெனி. அவர்களிடம் லாபும் இருக்கிறது, வக்கீலும் இருக்கிறார், ஒரு நாடு சரிப்படவில்லை என்றால் மூடிவிட்டு இன்னொன்றுக்குப் போகப் பணமும் இருக்கிறது. மச்சானிடம் 38 தையல் மிஷினும் ஒரு பேங்க் லோனும் இருக்கின்றன. அவன் எந்தக் கூட்டத்தின் உறுப்பினர், அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பலம் என்பதுதான் அவன் நுழைவுத் திறன். இதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை. கருத்தரங்கு நடத்துபவருக்கு அதில் கட்டணம் வாங்க வழியில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

பேனா எப்போதும் வெளிநாட்டான் கையில்தான் என்றும் நினைக்க வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு பரிந்துரைத்து, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு டெல்லி கடிவாளம் போட்டது. அதுவரை நம்மூர் பெருமை ஆவாரம்பட்டையிலும் பிறகு வாட்டில் பட்டையிலும் பதனிட்டு லண்டனுக்கு அனுப்பிய தோல். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே அங்கே பெயர். கடிவாளம் போட்டதும் பலர் கதறினார்கள், சிலர் ஃபினிஷிங் மிஷின் வாங்கினார்கள். இன்றைக்கு ஆம்பூரில் அப்பரும் ஷூவும் இருப்பதற்கு அந்தக் கடிவாளம் ஒரு காரணம். இங்கே எந்த ஆலோசகரும் "மதிப்புக் கூட்டுங்கள்" என்று ஸ்லைடு போடவில்லை, அரசு ஒதுக்கீட்டைக் குறைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு பேனா நம்ம ஆற்றங்கரையிலிருந்தே எழுந்தது. 1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம், வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் 'மாசு செய்தவரே செலுத்த வேண்டும்' என்ற கோட்பாட்டுக்காக மனப்பாடம் செய்வார்கள். நான் அதை ஒரு செலவுக் கணக்காகப் படித்தேன். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய 170 வகை ரசாயனம். தமிழ்நாட்டின் டேனரிப் பகுதிகளில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். இவ்வளவும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர் அல்லது மூடு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தப் பக்கம் எப்படி வந்தன, வழக்கமாக ஒருவரை ஒருவர் போட்டியாளராகப் பார்த்தவர்கள் எப்படிப் பணம் போட்டுச் சேர்ந்தார்கள் என்பதை லொரெய்ன் கென்னடி 1999-இல் ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார். மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது சேர்ந்தார்கள், அதுவரை இல்லை.

இதையும் திவாரி-பிள்ளை சொல்லும் கதையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சங்கடமாக இருக்கும். ஜெர்மன்காரன் ஷூவில் டீஸ்பூன் விஷம் இருக்கக் கூடாது என்று சொன்னதும் அரசும் சங்கமும் லாபும் ஓடி வந்து சரிசெய்தன. நம்ம கிணற்றில் உப்பும் குரோமியமும் கலந்தபோது கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதுவும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-இல், அதே விவகாரத்தில், இழப்பீடும் சீரமைப்பும் இன்னும் பாக்கி என்று உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு எழுதியது. நடுவில் 28 வருடம். சந்தை நுழைவு பற்றிய எந்தப் புத்தகத்திலும் வெளியே போகும் தூரம்தான் அளக்கப்படுகிறது. டேனரி வாசலிலிருந்து பக்கத்து வயல் கிணறு வரைக்குமான தூரத்துக்கு ஒரு பத்தி கிடையாது. கேமாவத்திடம் அதை எதிர்பார்ப்பது அதிகப்படி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய கட்டுரை செலவைக் குறைத்து மதிப்பிடாதே என்பதற்காகவே எழுதப்பட்டது.

சரி, மச்சானின் ஆப்பிரிக்கா. ஸ்லைடில் எத்தியோப்பியா பெரிய எழுத்தில் இருந்தது. அதனால் 2011 தேதிக்கும் ஒரு பேக் டெஸ்ட். எக்ஸெல் துள்ளிக் குதித்தது. ஆப்பிரிக்காவிலேயே அதிக மாடுகள் உள்ள நாடு. அரசுக் கணக்குப்படி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி. கூலி குறைவு. ஆகோவா சட்டப்படி அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் நுழையலாம். நம்ம அடையாறு நிறுவனமே அங்கிருந்த தோல் தொழில் நிறுவனத்தோடு இரட்டையர் ஒப்பந்தம் போட்டு ஆள்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பண்பாடு, நிர்வாகம், பொருளாதாரம் எல்லாவற்றிலும் நல்ல மார்க். ஹுவாஜியன் என்ற சீன ஷூ கம்பெனி பிரதமர் மெலஸ் ஜெனாவியே அழைத்து, 2012-இல் அடிஸ் அபாபா அருகே தொழிற்சாலை திறந்தது. உலக வங்கிக்காரர்கள் அதை உதாரணமாகக் காட்டிப் பேசினார்கள்.

2020 நவம்பரில் டிக்ரே போர். 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவுக்கு ஆகோவா சலுகை கிடையாது என்று வாஷிங்டன் அறிவித்தது. அந்த நாட்டில் மாடு குறையவில்லை, கூலி ஏறவில்லை, கடல் தூரம் மாறவில்லை. போட்டோவில் எல்லாம் அப்படியே. போர் நடந்த இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், அங்கே அமெரிக்காவை நம்பித் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் வேலை இன்னொரு நாட்டின் காகிதத்தில் முடிந்தது.

மச்சானின் கதையும் அதேதான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆகஸ்ட் 27 அமெரிக்க உத்தரவில் ஒரு விலக்கு உண்டு. அன்று நள்ளிரவு 12:01-க்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17 நள்ளிரவு 12:01-க்குள் அங்கே உள்ளே நுழைந்துவிட்ட சரக்குக்குக் கூடுதல் வரி இல்லை. நடுவில் 21 நாள். சென்னையிலிருந்து நியூயார்க்குக்குச் சரக்குக் கப்பல் 21 நாளில் போய்ச் சேர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. அதாவது கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஏற்றியவருக்கு அந்த விலக்கு காகிதத்தில் மட்டும். அந்த 21 என்ற எண்ணையும், ஒரு சீசன் ஷூவுக்கு ஆர்டர் எடுத்துத் தோல் வாங்கித் தைத்து அனுப்ப ஆகும் மாதங்களையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு அதுதான் ஆம்பூருக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தூரம்.

ஒரு எதிர்வாதம் எனக்கே தோன்றியது. இப்படிப் பார்த்தால் எந்தச் சந்தைக்கும் போக முடியாதே, பேனா இல்லாத நாடு எது? உண்மைதான். அதனால் போகாதே என்பது என் கட்சி இல்லை. போனவர்களால்தான் இந்த ஊர்கள் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடத்தை மாற்று என்கிறேன். தைவான்காரர்களைப் பாருங்கள். செய்யாறில் ஃபெங் டே, 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய பனப்பாக்கம் ஹோங் ஃபு. அவர்களுடைய ஸ்லைடில் வேகமாக வளரும் அயல்நாடு என்றால் நாம்தான்! அவர்கள் சந்தை தேடி வரவில்லை. வாங்கும் பிராண்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு நாட்டில் காற்று மாறினால் அதே ஆர்டரை இன்னொரு நாட்டுத் தொழிற்சாலைக்குத் திருப்பிவிட முடியும். நாடு அவர்களுக்கு ஓர் இடம். மச்சானுக்கு அது ஊர், திருப்பிவிட வேறு ஊர் இல்லை. அவனுக்கும் அவர்களுக்கும் ஒரே ஸ்லைடைக் காட்டுவது என்ன நியாயம்?

எக்ஸெலில் நாடுகளின் வரிசையை அழித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் போனேன். (பிரியாணி பற்றி எதுவும் எழுதப்போவதில்லை.) யூனிட்டில் 19 மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மீதி மேல் துணி போர்த்தியிருந்தது. பெண்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறான், யாரையும் நிறுத்தவில்லை என்று சொன்னான். கூலி ஜோடிக் கணக்கு என்பதால் பாதி வேலைக்குப் பாதிக் கூலி. வரி ஏறியதன் முதல் தவணையைக் கட்டியவர்கள் அவர்கள்தான், அந்த ஊர்ப் பெண்கள்.

"நாடு எதுன்னு சொல்லலையே மாமா?"

"நாட்ட விடுடா. உன் ஆர்டர எடுத்துக்கோ" என்று ஆரம்பித்து, ஒரு நோட்டில் சேர்ந்து எழுதினோம். இப்போது தைக்கும் அப்பர் எந்த பிராண்டுக்குப் போகிறது, அந்த பிராண்ட் எத்தனை நாடுகளில் விற்கிறது. விதி நடுவில் மாறினால் மேஜையில் கிடக்கும் பாதித் தைத்த மாலுக்குக் கூலி உண்டா, இல்லையா. டெஸ்ட் ரிப்போர்ட் செலவு யார் தலையில். டெலிவரிக்கும் பணத்துக்கும் இடையே எத்தனை நாள். ஆர்டர் நின்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள். ஐந்து கேள்வி.

இவன் ஆறு வருடமாக ஒரே கம்பெனிக்குத் தைக்கிறான். ஐந்தில் ஒன்றுக்குத்தான் பதில் தெரிந்தது: பணம் வர 60 நாள். மற்ற நான்கையும் கேட்க கம்பெனி மெர்ச்சண்டைசருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் கேட்டேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். பிராண்ட் பெயரைச் சொன்னான். மற்றதெல்லாம் "மேல கேட்டுச் சொல்றேண்ணா" என்றான்.

பத்து நாள் ஆகிறது. பாதித் தைத்த மாலுக்குக் கூலி உண்டு என்று ஒரு வாட்ஸ்அப் வந்திருக்கிறது, எழுத்தில் தரமாட்டார்களாம். இதற்கிடையில் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு ஸ்கூல் ஷூ அப்பர் சாம்பிள் தைத்துக் கொடுத்திருக்கிறான். ஜோடிக்கு மூன்று ரூபாய் குறைவு, பணம் 15 நாளில். கருத்தரங்குக்காரர்கள் அடுத்த மாதம் இரண்டாம் கட்டப் பயிற்சி என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். போகட்டுமா என்று கேட்டான். போய் அந்த ஐந்து கேள்வியை அங்கேயும் கேட்டுவிட்டு வா என்றேன். என்ன சொன்னார்கள் என்று தெரிந்ததும் இங்கே சேர்க்கிறேன்.